சட்டக் கல்லூரி மாணவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் அட்டை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

உரிமை வழக்குகளில் இறங்க நினைக்கும் சட்ட மாணவருக்குப் பொதுவாக நாலு வழிகளைச் சொல்வார்கள். நல்ல சீனியரின் அறை, மூட் கோர்ட் எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டி, தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப், மாணவர் அமைப்பு. ஐந்தாவதாக ஒன்று மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் வாசலைக் கடந்துதான் மாணவர்கள் கேன்டீனுக்குப் போகிறார்கள். உள்ளே போகிறவர்கள் குறைவு. இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் சட்டம் சார் தன்னார்வலர் திட்டம்தான் அது. இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. சட்ட உதவி தேடி வரும் மக்களின் கோணத்திலிருந்து அல்ல, அங்கே வேலை கற்க நினைக்கும் மாணவரின் கோணத்திலிருந்து.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனு எழுத, தேதி எண்ண, கோப்பு பராமரிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான, நம்பகமான இடம் ஒரு மாணவருக்குக் கிடைக்காது. அரசை எதிர்த்து நிற்கும் வழக்கை எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் இங்கே கற்க முடியாது. அதற்கு வேறு இடம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கே இந்த அட்டை முழுப் பயன் தரும்.

பின்னணி சுருக்கமாக. இலவச சட்ட உதவியைச் சொல்லும் அரசியலமைப்பின் 39ஏ பிரிவு 1976-ல் 42-வது திருத்தத்தில் வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1987-ல் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டது; அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. மாவட்ட ஆணைக்குழுவுக்கு முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர். அன்றாட வேலையை நடத்துபவர் செயலாளர், அவரும் நீதித்துறை அதிகாரிதான். தாலுகா அளவில் வட்டக் குழு, உயர் நீதிமன்றத்தில் சென்னைக்கும் மதுரைக் கிளைக்கும் தனிக் குழுக்கள். இலவச உதவி யாருக்கு என்பதை 12-வது பிரிவு சொல்கிறது. இங்கேதான் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வருமான வரம்பு எல்லோருக்கும் பொதுவென்று நினைத்து, வந்தவரிடம் முதலில் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள், சாதி வன்கொடுமையாலும் பேரிடராலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. இது தெரியாத தன்னார்வலர் முதல் நாளிலேயே ஒரு பெண்ணைத் தாலுகா அலுவலகத்துக்கு வீணாக அலைய விடுவார்.

தன்னார்வலர் திட்டத்தைத் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2009-ல் கொண்டுவந்தது. ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக் குழுவினர், நீண்ட தண்டனை அனுபவிக்கும் படித்த சிறைவாசிகள் என்று பலரும் சேரலாம். அந்தப் பட்டியலில் சட்ட மாணவர்களும் உண்டு, வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரைக்கும். விண்ணப்ப அறிவிப்பு பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற இணையதளத்திலும் ஆணைக்குழுவின் அறிவிப்புப் பலகையிலும் வரும். செய்தித்தாளில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், அடையாள அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் தன்குறிப்பும் தயாராக இருந்தால் போதும். நேர்காணலில் சட்டப் பிரிவுகளை விட அதிகம் கேட்கப்படுவது இரண்டு விஷயங்கள்: எந்த வட்டத்தில் வேலை செய்வீர்கள், வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள். "எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்" என்று சொல்பவரை யாரும் நம்புவதில்லை. வகுப்பு இல்லாத இரண்டு அரை நாட்களைச் சொல்லுங்கள்.

கட்டணம் எதுவும் இல்லை. பணிக்கு அனுப்பும் நாட்களுக்கு மதிப்பூதியம் உண்டு, ஆனால் அது சம்பளம் அல்ல. அதை நம்பி அறை வாடகை கட்டத் திட்டமிட்டால் நிச்சயம் ஏமாற்றம்தான். உதவி பெறுபவரிடம் பஸ் காசுகூட வாங்கக் கூடாது; பதவியைத் தவறாகப் பயன்படுத்தினால் நீக்கம். நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது, வக்காலத்து போட முடியாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், கறுப்பு வெள்ளை உடுப்பில் வரும் மாணவரை மக்கள் "வக்கீலய்யா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவதும், அதை உடனே திருத்த மாணவருக்கு மனம் வராததும்தான்.

இனி வேலைக்கு வருவோம். சாதி வன்கொடுமைப் புகார்தான் இந்தத் திட்டத்தில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாடம். மேலோட்டமாகப் பார்த்தால் புகார் எழுதுவது எளிது. நீதிமன்றத்தில் வழக்கு விழுவது பெரும்பாலும் அந்த முதல் தாளில்தான்.

சாதியின் பேரில் இழிவுபடுத்துவதையும் திட்டுவதையும் தண்டிக்கும் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் இரண்டும் "பொதுமக்கள் பார்வையில் படும் இடம்" என்பதில் நிற்பவை. வீட்டின் நாலு சுவருக்குள் வெளியார் யாருமே இல்லாதபோது திட்டினால் அந்தப் பிரிவுகள் பொருந்தாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே "சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்" என்று ஒரே வரியில் முடித்தால் போதாது. தேதி, நேரம், தேநீர்க் கடை முன்பா தண்ணீர்த் தொட்டி அருகிலா என்ற இடம், அப்போது அங்கே நின்ற இரண்டு மூன்று பேரின் பெயர், சொன்ன வார்த்தை அப்படியே மேற்கோள் குறிக்குள். வார்த்தையை நாகரிகப்படுத்தி "தகாத வார்த்தைகளால்" என்று எழுதும் பழக்கம் தமிழ்நாட்டு மனு எழுத்தர்களிடம் ஊறிப்போன ஒன்று. அந்த நாசூக்கு எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். எழுதக் கூசினாலும் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். புகார் கொடுப்பவரின் சாதிச் சான்றிதழ் நகலை அன்றே இணைத்துவிடலாம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்படுபவர், என்ன சாதி என்பதைத் தெரிந்தவரைக்கும் புகாரிலேயே குறிப்பிட வேண்டும்.

அடுத்த பள்ளம் சி.எஸ்.ஆர். ரசீது. காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ரைட்டர் ஒரு ரசீதைக் கிழித்துத் தருவார். புகார் பதிவாகிவிட்டது என்று நினைத்து மக்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை அல்ல. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண், சட்டப் பிரிவுகள், கையொப்பம் எல்லாம் இருக்கும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் வரை தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று அது சொல்கிறது. வன்கொடுமைப் புகாரிலும் "புதுச் சட்டப்படி 14 நாள் விசாரிப்போம்" என்று சொன்னால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைக் காட்ட வேண்டும். 2018 திருத்தத்தில் வந்த அந்தப் பிரிவு, வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. பிரிவு எண்ணை வாயால் சொல்வதில் பயனில்லை. மனுவின் கடைசிப் பத்தியில் அதை எழுதி, நகலில் நிலைய முத்திரையோடு ஒப்புகை வாங்கினால் மறுநாள் பேச்சு மாறும்.

அப்போதும் பதியவில்லை என்றால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். 2025 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. எனவே ஸ்பீடு போஸ்ட் ரசீதையும், விநியோக விவரத்தை இணையத்தில் எடுத்த அச்சையும் கோப்பில் வையுங்கள். அடுத்த படி, புலனாய்வுக்கு உத்தரவிடக் கேட்டு நீதித்துறை நடுவர் முன் பி.என்.எஸ்.எஸ். 175(3) மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய அத்தாட்சியும் பிரமாணப் பத்திரமும் இல்லாமல் போனால் அது நிற்காது. வழக்கறிஞர் கையில் போகும் முன் இந்த இரண்டையும் தயாராக வைப்பதுதான் தன்னார்வலர் செய்யக்கூடிய உண்மையான உதவி.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் வேலை முடிந்துவிட்டதென்று கோப்பை மூடுவது அடுத்த தவறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995 விதிகளின் 7-வது விதிப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும், 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். 12(4) விதிப்படி உடனடி நிவாரணம் ஏழு நாட்களுக்குள். நிவாரணத் தொகை எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாகப் பிரிந்து வரும். ஒரே தவணையில் வராது. இதை முதலிலேயே குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதிப் பணத்தை யாரோ சாப்பிட்டுவிட்டதாக நினைப்பார்கள். அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி ஜாமீன் மனு உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு வர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். பணம் தாமதமானால் கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு எழுதலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தாலும் கொடுக்கலாம், ஆனால் அந்த ரசீது எண்ணைக் கொண்டு இந்தக் குழுவுக்கு எழுதும்போதுதான் அது நகரும்.

சிறைப் பணியில் சட்ட வாதம் குறைவு, கணக்கு அதிகம். விசாரணைக் கைதி ஒருவரின் தாளில் மூன்று விவரங்களைப் பார்க்கத் தெரிந்தால் போதும்: முதல் ரிமாண்ட் தேதி (காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்ட நாள்), குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி, குற்றத்துக்கான உச்ச தண்டனையில் எத்தனை பங்கு கழிந்தது. பத்தாண்டு அல்லது அதற்கு மேல், ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். நாள் எண்ணும்போது ரிமாண்ட் நாளையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாக்கியது. கைதான தேதியிலிருந்து எண்ணுபவர்கள் உண்டு, ரிமாண்டுக்கு மறுநாளிலிருந்து எண்ணுபவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. இந்த உரிமை தானாக வந்து கதவைத் தட்டாது. மனு போட வேண்டும். போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஒரு நாள் தவறினால் பல மாதம் போகும்.

பி.என்.எஸ்.எஸ். 479 இன்னொரு கணக்கு. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு உச்சம் என்றால் முதல் முறை சிக்கியவருக்கு ஒரு வருடம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒருவர் மேல் பல வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தப் பிரிவு கைகொடுக்காது. தன்னார்வலர் சேகரிக்கும் பட்டியல்கள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். சிறைவாசி ஒரு வழக்கைத்தான் சொல்வார், பதிவேட்டில் நாலு இருக்கும். ஆகவே அவர் சொன்னதோடு நிற்காமல் சிறைப் பதிவேட்டையும் நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியையும் ஒப்பிட வேண்டும். செயலியில் பெயரை வைத்துத் தேடுவது பயனற்றது. ஒரே பெயர் தமிழ் உச்சரிப்பில் ஐந்து விதமாகத் தட்டச்சாகியிருக்கும். காவல் நிலையமும் குற்ற எண்ணும் வருடமும் கொண்டு தேடினால் சரியாக வரும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் தனி ரகம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, ஜாமீன் உத்தரவு கிடைத்து ஏழு நாட்களில் ஒருவர் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் தன்னார்வலரையோ சிறைக்கு வரும் வழக்கறிஞரையோ அனுப்பலாம். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். இங்கே மாணவரின் வேலை சட்டம் பேசுவது அல்ல. கிராமத்துக்குப் போன் போட்டு, வீட்டு வரி ரசீதும் ரேஷன் அட்டையும் உள்ள இரண்டு பேரைச் சம்மதிக்க வைப்பது. அவர்களிடம் "கையெழுத்துப் போட்டால் வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களா" என்ற பயம் இருக்கும். எதிரி வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தால் ஜாமீன்தாரருக்குச் சிக்கல் இல்லை, வராமல் ஓடினால் பிணைத் தொகைக்குப் பொறுப்பு உண்டு. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மறைத்துச் சம்மதம் வாங்கினால் அடுத்த முறை அந்த ஊரில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

குண்டர் சட்டத்தில் இருப்பவருக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. 1982-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படியான தடுப்புக் காவல் அது. 12 மாதம் வரை நீளும். காவலுக்கான காரணங்களை ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும், அதுவும் அவருக்குப் புரியும் மொழியில். அவர் அரசுக்கு அனுப்பும் முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும். தரப்பட்ட ஆவணக் கட்டில் படிக்க முடியாத நகல்கள், தமிழாக்கம் இல்லாத பக்கங்கள், முறையீட்டில் விளக்கமில்லாத தாமதம் ஆகியவற்றின் பேரில் சென்னை உயர் நீதிமன்றம் காவல் ஆணைகளை ரத்து செய்துவருகிறது. ஆகவே தன்னார்வலர் செய்ய வேண்டியது: ஆவணக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மங்கலான பக்க எண்களையும் தமிழ் இல்லாத பக்க எண்களையும் ஒரு தாளில் குறித்து, முறையீடு அனுப்பிய தேதியோடு உயர் நீதிமன்றச் சட்டப்பணிக் குழுவுக்கு அனுப்புவது. இரண்டு மணி நேர வேலை. சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு அந்தத் தாளின் மேல்தான் நிற்கும்.

விழிப்புணர்வு முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேனர், விளக்கேற்றல், வரவேற்புரை, புகைப்படம், நன்றியுரை. பேசியவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாகக் கேட்டவர்கள் இருந்தாலே அதிர்ஷ்டம். மாணவரைப் பேசச் சொன்னால் 15100 என்ற இலவச உதவி எண்ணையும் 12-வது பிரிவையும் மட்டும் சொல்லிவிட்டு, ஓரமாக ஒரு மேசை போட்டு மனு வாங்க உட்கார்ந்துவிடுங்கள். பேச்சைவிட மேசைக்கு வருபவர்களால்தான் பலன்.

மாணவர் தலைமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், இறுதியாண்டு மாணவர்களைக் கொண்டு சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்கின்றன. கல்லூரி மையத்தை ஆணைக்குழுவோடு இணைக்க 2011-ம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. இந்த மையத்தின் மாணவர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்புதான் கல்லூரியிலேயே மிகக் கடினமான தலைமைப் பதவி. அதற்குப் போட்டி இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த மையங்கள் சாவது ஒரே காரணத்தால்: ஏப்ரலில் இறுதியாண்டு வகுப்பு வெளியேறுகிறது, மனு கொடுத்த கிராமத்துப் பெண்ணுக்கு ஜூலையில் தொலைபேசி எடுக்க ஆள் இல்லை. விதி இறுதியாண்டைச் சொன்னாலும் கோப்பைப் பிடிப்பவர்களில் ஒருவர் கீழ் வகுப்பில் இருக்க வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் ஐந்தாமாண்டு மாணவரோடு மூன்றாமாண்டு மாணவரைச் சேர்த்து ஒவ்வொரு கோப்பையும் கொடுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் நாலே வரி: யார், என்ன பிரச்சினை, கடைசியாகச் செய்தது, அடுத்த தேதி. பிப்ரவரிக்குப் பிறகு புதுக் கோப்பு எடுக்கும்போது கீழ் வகுப்பு மாணவர் பெயர் முதலில் வர வேண்டும். மையம் திறக்கும் கிழமையும் நேரமும் வருடம் முழுக்க மாறக் கூடாது. தேர்வுக் காலத்தில் மூடுவதானால் ஒரு மாதம் முன்பே கதவில் ஒட்ட வேண்டும். மாணவர் கையிலுள்ள செல்பேசி எண்ணை மையத்தின் எண்ணாகக் கொடுப்பது பெரிய தவறு. அவர் போனால் எண்ணும் போகும்.

இப்படி ஒரு வருடம் கோப்பு பார்த்தவர், கல்லூரிக்குள்ளும் கோஷம் போடுவதோடு நிற்க மாட்டார். கல்வி உதவித்தொகை தாமதம், விடுதி உணவு, சாதிப் பாகுபாடு என்று எதுவானாலும் 2023-ம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுத்தில் கொடுப்பார். அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைகேள் அதிகாரிக்கு மேல்முறையீடு. அரசுக் கல்லூரியானால் கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உதவித்தொகைப் பட்டியல் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று ஒரே கேள்வி. முப்பது நாட்களில் பதில் வரவில்லையென்றால் முதல் மேல்முறையீடு. பத்து கேள்வி கேட்டால் எட்டுக்கு "தகவல் இல்லை" என்று எழுதி அனுப்புவார்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் அந்த வசதி குறையும். ஊர்வலம் போவதாக இருந்தாலும் இந்தத் தாள்கள் கையில் இருந்தால்தான் கல்லூரி முதல்வர் அறையில் பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும்.

மாணவர் பேரவைத் தேர்தல் நடக்கும் கல்லூரியென்றால், அத்தகைய தேர்தல்களுக்காக 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகளைப் படித்துவிட்டு நில்லுங்கள். இளநிலை மாணவருக்கு வயது 17 முதல் 22, செலவு வரம்பு 5,000 ரூபாய், 75 சதவீத வருகை, நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அச்சடித்த சுவரொட்டி கூடாது. மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு வருபவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள் என்பதால் வயது வரம்பை முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது நல்லது.

இப்போது இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. தன்னார்வலரை நீக்குவதற்கான காரணங்களில் இரண்டு, மாணவர் தலைவர்களை நேராகத் தொடுகின்றன: குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பது, அரசியல் கட்சியில் தீவிர உறுப்பினராக இருப்பது. தமிழ்நாட்டில் மறியலில் கைதாகித் திருமண மண்டபத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு மாலையில் வீடு திரும்பாத மாணவர் இயக்கம் எது? மாலையில் விட்டுவிட்டார்கள் என்பதற்காக வழக்கு இல்லை என்று பொருள் இல்லை. "மற்றும் பலர்" என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, பிறகு குற்றப்பத்திரிகையில் பெயர்களைச் சேர்ப்பதுண்டு. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், இரண்டு நாள் கழித்துத் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் தளத்தில் அந்த நிலையத்தின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பின்னால் வழக்கறிஞராகப் பதியும்போதும் நிலுவை வழக்குகளைக் கேட்பார்கள். மறைப்பதுதான் ஆபத்து, வழக்கு இருப்பதைவிட.

நீதித்துறையின் கீழ் இயங்கும் அமைப்பு கட்சி சாராமல் இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் குற்றச்சாட்டு மட்டுமே நீக்கத்துக்குப் போதும் என்பது, போராடும் மாணவரையும் பணம் கையாடியவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. குற்றமற்றவர் என்று கருதப்படும் உரிமையைச் சிறையில் போய்ச் சொல்லிக் கொடுக்கும் திட்டத்தில் இப்படி ஒரு விதி இருப்பது உறுத்தலாகவே இருக்கிறது. கே. சந்துரு மாணவர் இயக்கத்திலிருந்து வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தவர். இன்றைய கடலூர் மாவட்டத்தின் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு 1993-ல் காவலில் இறந்த விவகாரத்தில் ஆட்கொணர்வு வழக்கை நடத்தி, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். இன்று அவரைப் போலத் தெருவில் நிற்கும் ஒரு மாணவருக்கு இந்த அட்டை கையில் நிற்குமா என்பது சந்தேகம். ஆகவே போராட்ட அரசியலைத் தேர்ந்தவர்கள் அட்டைக்கு ஆசைப்படாமல் கல்லூரி மையத்தின் வழியாகவே வேலை செய்வது மேல். வேலை ஏறக்குறைய அதேதான். சிறைக்குள் போகும் அனுமதி மட்டும் இல்லை.

இன்டர்ன்ஷிப்போடு ஒப்பிட்டால்? மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம் கட்டாயம். ஒரு வருடத்தில் தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். தன்னார்வலர் பணி அந்தக் கடைசி நிபந்தனையை நிறைவேற்றாது. அதனால் நாலு வாரம் உரிமை வழக்குகள் நடத்தும் சீனியரிடம், மீதி வருடம் வாரம் இரண்டு அரை நாள் ஆணைக்குழுவில் என்று பிரித்துக்கொள்வது சரியாக வரும். அரசுக்கு எதிரான ரிட் மனுவை எப்படிக் கட்டுவது, அரசு வழக்கறிஞரின் பதிலுரையை எங்கே உடைப்பது என்பதைச் சீனியர் அறையில்தான் பார்க்க முடியும். 70 சதவீத வருகையை மறந்து சிறை, நிலையம் என்று அலைந்து தேர்வு எழுத முடியாமல் போனால் எந்தச் செயலாளரின் கடிதமும் காப்பாற்றாது.

படிப்பு முடித்துப் பதிவு செய்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 125. அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர மூன்றாண்டு அனுபவம் தேவை என்பதால் அந்தக் கதவு உடனே திறக்காது. ஆனால் 2022-ல் வந்த சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் முறையில் உதவி நிலைப் பணிக்கு அனுபவம் பூஜ்யம் முதல் மூன்றாண்டு வரை உள்ளவர்களையே எடுக்கிறார்கள். முழுநேர வேலை, மாதச் சம்பளம், குற்ற வழக்குகளில் எதிரித் தரப்பு மட்டும், தனி வழக்குகள் நடத்தக் கூடாது. துணை நிலைக்கு ஏழு ஆண்டு, தலைமை நிலைக்குப் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது முகாம் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, பெயர்களை மறைத்த மூன்று மனு நகல்களைக் கொண்டு போங்கள்: ஒரு 479 கணக்குத் தாள், ஒரு வன்கொடுமைப் புகார், ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்ட ஒரு மனு.